தலைவலி போய்த் திருகுவலி வந்ததா? மியாட்டா சஸ்பென்ஷனை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

புது ஷாக் அப்சார்பர், புது ஸ்பிரிங், இரண்டு நாள் உழைப்பு, தோல் உரிந்த விரல் முட்டிகள். எல்லாம் முடித்துக் காரை வெளியே எடுத்தால், தெருமுனை வேகத்தடையிலேயே முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். சொகுசும் வேண்டும், வளைவில் பிடிப்பும் வேண்டும் என்று பணம் போட்டவருக்கு இரண்டுமே கிடைக்காமல் போவதை அடிக்கடி பார்க்கிறேன். என் காரிலும் முதல் கோடை முழுவதும் அதுதான் நடந்தது.

நான் பேசுவது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 பற்றி. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை தயாரான, முகவிளக்குகள் மேலெழும்பும் குட்டிக் கார். வட அமெரிக்காவில் மியாட்டா என்றால்தான் தெரியும். இதை என்ஏ என்றும் அடுத்த தலைமுறையை என்பி என்றும் குறிப்பிடுவது வழக்கம். இரண்டுக்கும் சஸ்பென்ஷன் ஏறக்குறைய ஒன்றே என்பதால் கீழே சொல்வதில் பெரும்பகுதி என்பிக்கும் பொருந்தும். நான்கு சக்கரங்களிலும் இரட்டை விஷ்போன் கைகள், அதாவது சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் மேல் கையும் கீழ்க் கையும். இதை உருவாக்கிய குழுவின் தலைவர் தோஷிஹிகோ ஹிராய். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடலாக இருப்பதைக் குறிக்கும் ‘ஜின்பா இட்டாய்’ என்ற ஜப்பானியச் சொல்தான் அந்தக் குழுவின் தாரக மந்திரம். குதிரையைப் போலவே இந்தக் காரும் வளைவில் சாயும். அந்தச் சாய்வை வைத்துத்தான் பிடிப்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரிகிறது. அதைக் குறை என்று எண்ணிப் பலர் வேலையைத் தொடங்குகிறார்கள். சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது.

கார் இடிக்கிறது என்றால் எல்லோரும் ஸ்பிரிங்கைத் திட்டுவார்கள். நான் முதலில் சந்தேகப்படுவது, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர், சுருக்கமாக ஷாக், நகர்வதற்கான இடத்தை. கீழே வரும் அறிகுறிகளில் பாதி அங்கேதான் போய் முடியும்.

ஸ்பேனரை எடுக்கும் முன்

டயரின் காற்றழுத்தத்தைப் பாருங்கள். 185/60 அளவில் 14 அங்குல டயருக்குத் தொழிற்சாலை சொன்ன அழுத்தம் 26 பிஎஸ்ஐ. எண் சிறியதாகத் தோன்றும். காரின் எடை ஒரு டன்னை ஒட்டியே இருப்பதால் அது போதும். டயர்க் கடையிலோ எந்த வண்டி வந்தாலும் 35 அடித்து அனுப்பிவிடுவார்கள். அந்த 35 பிஎஸ்ஐயோடு ஓட்டிப் பார்த்து, ஷாக் சரியில்லை என்று முடிவுகட்டி, கழற்றி விற்றவரையும் எனக்குத் தெரியும். நான் 15 அங்குல ரிம்மில் 28 வைத்திருக்கிறேன். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓட்டிவிட்டு வந்து அளந்தால் கணக்கு தப்பும்.

அடுத்து, சமதளத்தில் காரை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். நான்கு எண்கள். பின்னால் எதை மாற்றினாலும் இந்த நான்கோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள்.

சோதிக்க ஒரே சாலையை வைத்துக்கொள்வதும் முக்கியம். எனக்கு வாய்த்தது டொராண்டோவின் கார்டினர் எக்ஸ்பிரஸ்வே. தூண்கள்மேல் ஓடும் பகுதியில் பாலத்தின் விரிவு இணைப்புகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றும் காருக்கு ஒரு தட்டு. அந்தத் தட்டுக்குப் பிறகு கார் என்ன செய்கிறது என்று காதும் இடுப்பும் சொல்லிவிடும். உங்கள் ஊரில் ஒரு பாலமோ, இரண்டு வேகத்தடை உள்ள ஒரு தெருவோ போதும். சாலையும் வேகமும் மாறாதிருந்தால் சரி.

ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சொல்வது சுலபம். நானே இரண்டு முறை மீறி, இரண்டு முறையும் முதலிலிருந்து தொடங்கினேன்.

அறிகுறி: சிறு பள்ளத்துக்கே ‘டம்’ என்று முதுகில் இடிக்கிறது

இதுதான் தலையாய புகார். பெரும்பாலும், கார் அழகாகத் தாழ்ந்து நிற்க வேண்டும் என்று குட்டையான ஸ்பிரிங் போட்டவர்களிடமிருந்து வரும்.

ஷாக்கின் தண்டில், மேல் மவுண்டுக்குக் கீழே, நுரைபோன்ற ஒரு உருளை மாட்டியிருக்கும். பெயர் பம்ப் ஸ்டாப். சக்கரம் மிகவும் மேலே வந்துவிட்டால் இரும்பும் இரும்பும் மோதாமல் தடுப்பது அதன் வேலை. முதலில் மெத்தென்று அமுங்கும். பாதி அமுங்கியதும் திடீரென்று கல்லாகிவிடும். என்ஏ காரில் ஷாக் மேல்நோக்கி நகர இருக்கும் இடம் தொழிற்சாலை உயரத்திலேயே தாராளமாக இல்லை. அதில் 30 மி.மீ. தாழ்த்தினால் என்ன ஆகும்? இந்தக் காரில் சக்கரம் நகரும் தூரத்தில் ஷாக் நகர்வது ஏறக்குறைய முக்கால் பங்கு. அதாவது ஷாக்கிடமிருந்து 22 மி.மீ.க்கு மேல் பறித்துவிடுகிறீர்கள். மிச்சம் இருப்பது கையளவு. சில கார்களில் அதுவும் இல்லை. நின்ற நிலையிலேயே பம்ப் ஸ்டாப்பின்மேல் உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட காரில் எந்த ஸ்பிரிங் போட்டாலும், ஓட்டும்போது நீங்கள் உணர்வது பம்ப் ஸ்டாப்பைத்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை போதும். சக்கரத்தைக் கழற்றி, ஷாக்கின் தூசி உறையை மேலே தள்ளி, தண்டைச் சுற்றி கேபிள் டையை மாட்டுங்கள். கையால் தள்ளினால் நகரும் அளவு இறுக்கம் இருந்தால் போதும். அதைக் கீழே தள்ளி ஷாக்கின் உடல்மேல் உட்காரவைத்து, சக்கரத்தைப் பூட்டி, ஓட்டிவிட்டு வாருங்கள். ஷாக் சுருங்கும்போது உடல் மேலே வந்து கேபிள் டையைத் தள்ளும்; இறங்கும்போது அதை அங்கேயே விட்டுவிட்டு இறங்கும். அது நிற்கும் இடமே அந்தப் பயணத்தில் ஷாக் தொட்ட உச்சம்.

என் காரில் முதன்முறை இதைச் செய்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பால் வாங்கப் போய்வந்த மூன்று கிலோமீட்டர். வேகம் 50ஐத் தாண்டவில்லை. திரும்பி வந்து சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், கேபிள் டை பம்ப் ஸ்டாப்பின் வயிற்றுக்குள் அமுங்கி, வளைந்த இடத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் வெளுத்துப் போயிருந்தது. அன்றுவரை ‘ரொம்பக் கடினமான ஸ்பிரிங்’ என்று நான் குறை சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் மிகவும் மென்மையான ஸ்பிரிங். இடத்தைத் தின்று முடித்துவிட்டு நுரைமேல் விழுந்துகொண்டிருந்தது.

சரிசெய்யும் வரிசை இது. முதலில் காரை உயர்த்துங்கள். திருகி உயரம் மாற்றும் காயிலோவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு) என்றால் காசு செலவில்லை. என் கார் முன்பக்கம் மையத்திலிருந்து விளிம்புக்கு 330 மி.மீ.யிலும், பின்பக்கம் அதைவிடச் சற்று கூடுதலாகவும் நிற்கிறது. இதற்குக் கீழே இறக்கிய ஒவ்வொரு முறையும் வருந்தினேன். இரண்டாவது, என்பியின் மேல் மவுண்டுகளை வாங்கிப் போடுங்கள். என்ஏயில் நேராகப் பொருந்தும், ஷாக்குக்குக் கூடுதல் நகர்விடம் தரும், பழைய பாகக் கடையிலும் கிடைக்கும். இந்தக் காருக்கு நான் செய்த செலவுகளில் கொடுத்த காசுக்கு அதிகம் திரும்பியது இதில்தான். மூன்றாவது, பம்ப் ஸ்டாப்பைக் குட்டையானதாக மாற்றுவது. கத்தி எடுத்து அறுப்பவர்களும் உண்டு. அறுத்தால் கார்மேல் ஒட்டியிருக்கும் முனையை அறுங்கள். ஷாக்கைச் சந்திக்கும் கூம்பு முனையில்தான் அதன் மென்மை இருக்கிறது. முழுவதும் எடுத்துவிடுவது மட்டும் கூடாது. ஷாக்கின் உள்ளே பிஸ்டன் அடியில் மோதி, அடுத்த குளிர்காலப் பள்ளங்களில் எண்ணெய் கசியத் தொடங்கும்.

இவற்றுக்குப் பிறகும் கேபிள் டை உச்சிக்கே போனால், இன்னும் கடினமான ஸ்பிரிங் வேண்டும். ஆம், கடினமான ஸ்பிரிங்தான். பம்ப் ஸ்டாப்பைத் தொடாமல் காரைத் தாங்கும் கடின ஸ்பிரிங், தொடும் மென்மை ஸ்பிரிங்கைவிடச் சுகமாக இருக்கும். நம்ப மாட்டீர்கள், நானும் நம்பவில்லை.

அதற்கும் அளவு உண்டு. ஷாக்கும் சக்கரமும் நகரும் விகிதம் முக்கால் என்றால், சக்கரத்தில் ஸ்பிரிங்கின் வலிமை அதன் வர்க்கமாகக் குறையும், ஏறக்குறைய 0.56 பங்கு. மில்லிமீட்டருக்கு 8 கிலோ என்று அட்டையில் அச்சிட்டிருக்கும் முன்பக்க ஸ்பிரிங், சக்கரத்தில் நான்கரை கிலோதான். இருந்தும் இவ்வளவு லேசான காரில் அது நொடிக்கு இரண்டு தடவைக்கு மேல் அதிரும். சாதாரணக் குடும்பக் கார் நொடிக்கு ஒன்றைச் சற்றுத் தாண்டும்; சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றரையைச் சுற்றி. இரண்டுக்கு மேல் போனால் அது பந்தயத் தடத்தின் உலகம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உணவகத்துக்குப் போகும் காருக்கு அது ஆகாது.

அறிகுறி: மேடு தாண்டியபின் படகுபோல் ஆடிக்கொண்டே இருக்கிறது

இடிப்பதற்கு நேர் எதிர். ஸ்பிரிங் நகர்கிறது, ஷாக் பிடித்து நிறுத்தவில்லை. பழைய ஷாக்கோடு புதுக் கடின ஸ்பிரிங்கைச் சேர்த்தால் இப்படித்தான் ஆகும். ஷாக்கின் உடலில் எண்ணெய் ஈரம் இருந்தால் பேச்சே வேண்டாம், மாற்றுங்கள். மட்கார்டைக் கையால் அழுத்தி ‘ஒரு முறைக்குமேல் ஆடினால் போச்சு’ என்று பார்ப்பது பழைய வழக்கம். முற்றிலும் செத்த ஷாக்கை அது காட்டும். பாதி செத்ததைக் காட்டாது. மணிக்கு 60 கி.மீ.யில் பாலத்தின் இணைப்பைத் தாண்டிப் பாருங்கள். ஓர் எழுச்சி, ஓர் இறக்கம், அவ்வளவுதான் இருக்க வேண்டும்.

அறிகுறி: முதல் மேடு பரவாயில்லை, நான்காவது மேடு கொல்கிறது

தொடர்ந்து குண்டும் குழியுமான சாலையில் மட்டும் கார் போகப்போகக் கடினமாகிறது என்றால், ஷாக்கின் ரீபவுண்ட் (சுருங்கியபின் மீண்டும் நீள்வதற்குக் காட்டும் எதிர்ப்பு) மிகையாக இறுக்கப்பட்டிருக்கிறது. ஒரு மேட்டில் சுருங்கிய ஷாக் மீண்டும் நீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. கார் படிப்படியாகக் கீழே உட்கார்ந்து, நான்காவது மேட்டில் பம்ப் ஸ்டாப்பைச் சந்திக்கிறது. பழைய குற்றவாளி, புது வழி.

கோனி நிறுவனத்தின் மஞ்சள் நிற ஷாக்கில் மேலே இருக்கும் திருகு ரீபவுண்டை மட்டுமே மாற்றும். அதை இறுக்க இறுக்கக் கார் ‘ஸ்போர்ட்டியாக’ ஆகிவிடும் என்று முழுவதும் திருகிவைப்பவர்கள் உண்டு. மிக மென்மையான நிலையிலிருந்து தொடங்குங்கள். கார் மிதக்கிறது என்று தோன்றும்வரை அங்கேயே ஓட்டுங்கள். பிறகு கால் சுற்று. மறுபடி அதே சாலை. தேவையென்றால் இன்னொரு கால் சுற்று. மிதப்பு நின்ற இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். இடமும் வலமும் ஒரே அளவு திருகினீர்களா என்பதையும் பாருங்கள். என்னிடம் உதவி கேட்டு வந்த ஒரு காரில் இடப்பக்கம் முழு இறுக்கத்திலும் வலப்பக்கம் முழுத் தளர்விலும் இருந்தன. வாங்கிய நாளிலிருந்து அப்படித்தானாம்.

காயிலோவரில் இன்னொரு குழப்பம் உண்டு. ஸ்பிரிங்கை அடித்தட்டால் முன்கூட்டியே அழுத்திவைத்தால் கார் கடினமாகும் என்பது பரவலான நம்பிக்கை. கார் தரையில் நின்றபின் நேர்விகித ஸ்பிரிங்கின் வலிமை அதனால் மாறாது. உயரம் மாறும், சக்கரம் கீழ்நோக்கித் தொங்குவதற்கான இடம் குறையும். அது குறைந்தால் பள்ளத்தின்மேல் சக்கரம் இறங்க முடியாமல் காரையே கீழே இழுக்கும்.

அறிகுறி: நெடுஞ்சாலையில் தலையாட்டிப் பொம்மை ஆகிறோம்

இடிக்கவில்லை, மிதக்கவும் இல்லை. ஆனால் மூக்கு ஏறுகிறது, வால் இறங்குகிறது, பக்கத்தில் இருப்பவர் எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ சொல்லிக்கொண்டே வருகிறார்.

இதற்கு விளக்கம் 1930களிலேயே கிடைத்துவிட்டது. ரோல்ஸ் ராய்ஸில் இருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போன மாரிஸ் ஆலி கண்டது இது: மேட்டை முதலில் சந்திப்பது முன்சக்கரம், சற்றுத் தாமதித்துப் பின்சக்கரம். பின்பக்கம் முன்பக்கத்தைவிட வேகமாக அதிர்ந்தால், அந்தத் தாமதத்தை ஈடுகட்டி இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். கார் மட்டமாக இருக்கும். மியாட்டாவில் முன்பின் சக்கரங்களுக்கு இடையே 2265 மி.மீ. மணிக்கு 90 கி.மீ.யில் அந்தத் தாமதம் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் நடக்கும் விவகாரம்தான் உங்கள் கழுத்துவலி.

முன்னால் மட்டும் மிகக் கடினமான ஸ்பிரிங் போட்ட காயிலோவர்களில் இந்த ஆட்டம் அதிகம். முன் ஸ்பிரிங்கை ஒரு படி குறைப்பதோ பின் ஸ்பிரிங்கை ஒரு படி ஏற்றுவதோ வழி. நான் முன்பக்கத்தைக் குறைக்கச் சொல்வேன். பின்பக்கம் ஏற்றினால் மழையில் வால் வழுக்கும்.

அறிகுறி: சத்தம்

‘டொக் டொக்’ என்று சின்னக் குலுங்கலில் மட்டும், மெதுவாகப் போகும்போது கேட்டால் ஷாக்கின் மேல் நட் தளர்ந்திருக்கும், அல்லது மேல் மவுண்டில் வாஷர்களும் ரப்பரும் வரிசை மாறி அடுக்கப்பட்டிருக்கும். பழையதைக் கழற்றும்போதே ஒவ்வோர் அடுக்கையும் படம் எடுத்துவைப்பது இதற்காகத்தான். இந்த நட்டை இம்பாக்ட் கன் வைத்து அடிக்காதீர்கள். தண்டு உள்ளே சுழன்று வால்வுத் தொகுதியைக் கெடுக்கும். தண்டைச் சாவியால் பிடித்துக்கொண்டு, கை ஸ்பேனரால் முடுக்குங்கள்.

ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது சத்தம், இரண்டும் சேர்ந்து ஏறினால் இல்லை என்றால், ஆன்ட்டி ரோல் பாரின் (இடவலச் சக்கரங்களை இணைத்து, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இணைப்புக் கம்பிகள். இரு பக்கமும் கழற்றிவிட்டு அதே தெருவில் மெதுவாக ஒரு சுற்று போய்வாருங்கள். சத்தம் மறைந்தால் விடை கிடைத்தது. கார் அதிகம் சாயும் என்பதை மறந்து வளைவில் பழைய வேகத்தில் போகக் கூடாது.

கீச்சென்று கட்டில் முனகுவதுபோல் கேட்டால், கைகளின் மூட்டுகளில் இருக்கும் பாலியூரித்தேன் புஷ். சிலிக்கான் கிரீஸ் போட்டுப் பூட்ட வேண்டியவை அவை. சாதாரண கிரீஸ் போட்டால் சில மாதங்களில் திரும்ப முனகும். சொகுசு வேண்டும் என்பவருக்கு நான் ரப்பர் புஷ்ஷையே சொல்வேன்.

பிரேக் பிடிக்கும்போதோ ஸ்டீயரிங் திருப்பும்போதோ ஒரே ஒரு கனத்த ‘டக்’ என்றால் கையையும் சக்கரப் பகுதியையும் இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டைப் பாருங்கள். ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா? காரை ஸ்டான்ட் மேல் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? தெரிந்தால் அந்தக் காரை ஓட்டாதீர்கள். கீழ் பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடிந்து விழும். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் அடுத்த வாரம் பார்க்கலாம் என்ற வகை. இது மட்டும் இன்றே.

அறிகுறி: புது புஷ் போட்டபின் கார் உயரமாக நிற்கிறது, இறுக்கமாக ஓடுகிறது

இந்தத் தவறை மெக்கானிக்குகளும் செய்கிறார்கள் என்பதால் சற்று நின்று சொல்கிறேன்.

ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. நடுவில் ஓர் இரும்புக் குழல், வெளியே இன்னோர் இரும்பு வளையம், இடையில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழல் காரின் சட்டத்தோடு பிடித்துக்கொள்ளும். பிறகு கை மேலே போனாலும் கீழே வந்தாலும் முறுக்கப்படுவது ரப்பர்தான். காரை ஸ்டான்ட் மேல் ஏற்றி, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், அந்தத் தொங்கும் நிலையே ரப்பருக்கு ஓய்வுநிலை ஆகிவிடும். காரை இறக்கியதும் நான்கு மூலையிலும் உள்ள ரப்பர்கள் எல்லாம் முறுக்கிக்கொண்டு காரைத் தூக்கப் பார்க்கும். கேட்காத இடத்தில் கூடுதல் ஸ்பிரிங். சில மாதங்களில் ரப்பர் கிழிந்தும் போகும்.

மருந்து எளிது. கைகளின் போல்ட்டுகள் அனைத்தையும் தளர்த்துங்கள். ஷாக்கின் அடிப் போல்ட்டும் சேர்த்தி. அதிலும் ரப்பர் உண்டு. சக்கரங்களின் கீழ் உறுதியான மரக்கட்டைகளை அடுக்கிக் காரை அவற்றின்மேல் இறக்குங்கள். முன்னும் பின்னும் சிறிது உருட்டி, பம்பரை அழுத்தி விடுங்கள். எடை முழுவதும் சக்கரத்தில் இருக்கும்போதே கீழிருந்து டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கீழே நுழைய இடம் இல்லையென்றால், காரை ஸ்டான்ட் மேல் வைத்து, சக்கர மையத்தை ஜாக்கியால் தூக்கி, முதலில் எழுதிவைத்த அந்த மையம்-விளிம்பு அளவு வந்ததும் இறுக்கலாம். தொடக்கத்தில் அளக்கச் சொன்னதன் பயன் இங்கே. ஜாக்கியை மட்டும் நம்பித் தலையைக் காருக்கு அடியில் நீட்ட வேண்டாம்.

நான் இப்படித் தளர்த்தி இறுக்கியபோது கார் ஒரு விரல் தாழ்ந்தது. கார்டினரின் தட்டுகள் பாதி மென்மையாயின. புதிய பாகம் ஒன்றுகூட வாங்கவில்லை.

அறிகுறி: நேராகப் போகாமல் மேய்கிறது

உயரத்தை மாற்றினால் சக்கரங்களின் கோணங்களும் மாறும். அதனால் அந்தக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடைசி வேலை. ஆனால் கட்டாயமான வேலை. சாலைக்கு நான் வைப்பது: முன்னால் கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) மைனஸ் 1 டிகிரி, பின்னால் மைனஸ் 1.5, காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) ஐந்தை ஒட்டி, இரு பக்கமும் சமமாக, டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) முன்னால் பூஜ்யம் முதல் மொத்தம் 1 மி.மீ. உள்நோக்கி, பின்னால் மொத்தம் 2 முதல் 3 மி.மீ. உள்நோக்கி. பின் டோ வெளிநோக்கிப் போனால் ஈரச் சாலையில் கார் உங்களை முந்தப் பார்க்கும். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஈடாக ஏதாவது வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒரு டன் காரில் எண்பது கிலோ சின்ன விஷயம் இல்லை.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே தோராயமாகப் பார்க்கலாம். காரின் பக்கவாட்டில் மீன்பிடி நூலைக் காருக்கு இணையாகக் கட்டி, ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்தால் டோ தெரியும். 14 அங்குல ரிம்மில் 1 மி.மீ. வேறுபாடு ஏறக்குறைய 0.16 டிகிரி.

உப்புத் தூவும் ஊர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கீழ்க் கைகளில் கோணத்தை மாற்றும் கேம் போல்ட்டுகள் புஷ்ஷின் இரும்புக் குழலோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். நான் முதலில் போன கடையில் இரண்டு மணி நேரம் காக்கவைத்து, பின்சக்கர எண்கள் சிவப்பிலேயே இருக்கும் ஒரு தாளைக் கொடுத்து, ‘மாற்ற முடியவில்லை’ என்று சொல்லி முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். அதனால் போகும் முன் ஒரு வாரம் தினமும் துரு நீக்கும் எண்ணெய் தெளித்து, எட்டு போல்ட்டுகளும் அசைகின்றனவா என்று நீங்களே பாருங்கள். அசையாததைத் தீயால் சூடாக்கினால் ரப்பர் போகும். அறுத்தெடுத்துப் புது போல்ட்டும் புது புஷ்ஷும் போடுவதே நேரான வழி.

எண்கள் எல்லாம் சரி, ஆனாலும் லாரிகள் பதித்த தடத்தை மோப்பம் பிடித்து ஓடுகிறது என்றால், டயர் அகலம் கூடிவிட்டது. 185 போதுமான காரில் 215 போட்டால் அப்படித்தான்.

அறிகுறி: வளைவில் மூக்கு வெளியே போகிறது, அல்லது வால் சுற்றுகிறது

ஆன்ட்டி ரோல் பாரின் வலிமை விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். முன்பக்கத்தில் 19 மி.மீ. திடக்கம்பியை எடுத்துவிட்டு 22 மி.மீ. போட்டால், மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். வலிமையோ ஏறக்குறைய எண்பது சதவீதம் கூடிவிடுகிறது. சாய்வு குறையும், மூக்கு கொஞ்சம் வெளியே போகும். அதைச் சரிக்கட்டப் பின்னால் பெரிய பார் போட்டால், வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும். சாதாரண டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) உள்ள காரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் அந்தச் சக்கரம் வெறுமனே சுழலும். ஆகவே முன்பாரை மட்டும் ஒரு படி ஏற்றி, பின்பாரைத் தொழிற்சாலை கொடுத்தபடியே விடுவது என் பழக்கம். மூக்கு வெளியே போவதைப் பெரும்பாலும் முன் கேம்பரை மைனஸ் பக்கம் அரை டிகிரி கூட்டியே அடக்கிவிடலாம்.

அறிகுறி: மணிக்கு 100 கி.மீ.யில் நடுக்கம்

ஸ்டீயரிங் மட்டும் நடுங்கி, 120இல் அடங்கிவிடுகிறது என்றால் சஸ்பென்ஷனை விட்டுவிடுங்கள். சக்கரச் சமன். லேசான இந்தக் கார் அதில் மிகவும் நுணுக்கம் பார்க்கும். வேற்று ரிம் என்றால் நடு ஓட்டை 54.1 மி.மீ. ஹப்பில் சரியாக உட்காருகிறதா, இடைவளையம் இருக்கிறதா என்று பாருங்கள். நட்டுகளை 90க்கும் 120க்கும் இடையே நியூட்டன் மீட்டரில், குறுக்கும் மறுக்குமாக இறுக்குங்கள்.

ஸ்டீயரிங் சும்மா இருக்க, டாஷ்போர்டும் கதவும் நடுங்கினால் அது கூரை இல்லாத உடலின் நெகிழ்வு. துணிக்கூரையை மூடிப் பூட்டி அதே சாலையில் போய்ப் பாருங்கள். குறைந்தால் அடிச்சட்டத்துக்கு வலுவூட்டும் தண்டுகள் உதவும். ஷாக்கைத் திருகிப் பயனில்லை. நான் அதையும் போட்டேன். போட்டபின்னும் பின்நோக்குக் கண்ணாடியில் மட்டும் ஒரு நடுக்கம் மிச்சமிருந்தது. இரண்டு வாரம் அதற்காகப் பின் புஷ்களைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சிவப்பு விளக்கில் நிற்கும்போது கையை வைத்துப் பார்த்தால், கண்ணாடியைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருந்தது. அரைச் சுற்று.